மேல்வரிசைப் பற்களுக்கு மேலே

இங்கிலாந்தின் ஷெர்போர்ன் ஊரில் மருத்துவம் பார்த்துவந்த நத்தானியேல் ஹைமோர், மனித உடற்கூறு பற்றிய நூல் ஒன்றை 1651இல் வெளியிட்டார். தன்னிடம் வந்த ஒரு பெண்மணியைப் பற்றிய குறிப்பு அதில் உண்டு. மேல்தாடையில் பல் பிடுங்கிய இடத்திலிருந்து அவருக்கு ஓயாமல் நீர் வடிந்துகொண்டிருந்தது. எங்கிருந்துதான் வருகிறது என்று பார்க்க அந்தப் பெண்மணியே ஒரு வெள்ளி ஊசியை அந்தப் பள்ளத்துக்குள் விட்டிருக்கிறார். அது தடையே இல்லாமல் மேலேறிப் போயிற்று. அடுத்துப் பறவை இறகு ஒன்றை விட்டுப் பார்த்தார். அதுவும் போய்க்கொண்டே இருந்தது. மூளைவரை போய்விட்டதோ என்று நடுங்கிப்போய் மருத்துவரிடம் வந்தார். மேல்தாடை எலும்புக்குள் இயல்பாகவே ஒரு வெற்றிடம் இருக்கிறது, இறகு அதற்குள்தான் சுருண்டிருக்கும் என்று ஹைமோர் விளக்கி அவரைத் தேற்றினார்.

லியோனார்டோ டா வின்சி 1489 வாக்கில் வரைந்த மண்டையோட்டுப் படங்களிலேயே இந்த வெற்றிடம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் அதற்கு நெடுங்காலம் நிலைத்தது ஹைமோரின் பெயர். இன்று மேல்தாடை சைனஸ் என்கிறோம். பல் பிடுங்கிய மறுநாள், வாய் கொப்பளித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வருபவர்கள் இப்போதும் உண்டு. பல்வேருக்கும் சைனஸுக்கும் நடுவில் இருந்த எலும்பு எவ்வளவு மெல்லியது என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரியவருகிறது. கை வைப்பதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ளும் வசதி கடந்த கால் நூற்றாண்டில் வந்திருக்கிறது. பல் மருத்துவத்துக்கென்றே உருவான முப்பரிமாண ஸ்கேன் அது. சிபிசிடி என்று சொல்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல் கடைவாய்ப்பகுதியில், இழந்த பல்லின் வேருக்குப் பதிலாக எலும்பில் ஊன்றும் இம்பிளாண்டை வைக்க ஸ்கேன் எடுத்தால், பெரும்பாலும் பார்க்கப்படுவது ஒரே ஒரு அளவுதான்: சைனஸின் தளத்துக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சமிருக்கிறது என்பது. அந்த அளவு தேவைதான். ஆனால் அறுவை நல்லபடியாக முடியுமா, ஆறு மாதம் கழித்து நோயாளி நிம்மதியாக மூச்சு விடுவாரா என்பதைத் தீர்மானிக்கும் பல விஷயங்கள் அந்த அளவுகோலுக்கு மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கின்றன. ஸ்கேன் அவற்றையும் காட்டுகிறது. பார்க்கத்தான் வேண்டும்.

சைனஸ் என்பது இரு கன்னங்களிலும் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை. முகத்து எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளில் இதுவே பெரியது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கொள்ளும். பக்கவாட்டில் சாய்த்து வைத்த பிரமிட் வடிவம். அடிப்பக்கம் மூக்கின் பக்கச் சுவர். முனை கன்ன எலும்பை நோக்கி நீளும். கூரைதான் கண்குழியின் தளம். தரைக்கு நேர் கீழே மேல்வரிசைக் கடைவாய்ப்பற்கள். கரு பத்து வாரத்தைத் தாண்டும்போதே உருவாகத் தொடங்கினாலும், பிறக்கும்போது இது மிகச் சிறியது. பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்க முளைக்க இதுவும் கீழ்நோக்கி விரிகிறது. பன்னிரண்டு வயது வாக்கில் அதன் தரை மூக்கின் தரை மட்டத்துக்கு வந்துவிடும். வளர்ந்தவர்களில் அதற்கும் சில மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கும்.

இந்த அறைக்கு ஒரே ஒரு இயல்பான திறப்புதான். அது கீழே இல்லை, மேலே இருக்கிறது: மூக்கை ஒட்டிய சுவரில், கூரைக்கு அருகில், தரையிலிருந்து 25, 30 மில்லிமீட்டர் உயரத்தில். சைனஸுக்குள் ஊறும் சளி புவியீர்ப்புக்கு எதிராக ஏறித்தான் வெளியேற வேண்டும். உட்சவ்விலுள்ள கோடிக்கணக்கான நுண்மயிர்கள் ஒரே திசையில் அசைந்து அதை மேலே தள்ளுகின்றன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் செய்த ஆய்வுகள் இந்த ஓட்டத்தின் பாதையைத் துல்லியமாகக் காட்டின. வேறோர் இடத்தில் அறுவை செய்து புதிதாக ஒரு வழி திறந்துவிட்டாலும், சளி அதைச் சுற்றிக்கொண்டு பழைய இயல்பான திறப்புக்கே போகிறது. சுமார் நூறு ஆண்டுக்காலம் கீழ்ப்பகுதியில் துளையிட்டுச் சீழை வடிப்பதே சைனஸ் அறுவை என்றிருந்த நிலை இதனால்தான் மாறியது. இம்பிளாண்ட் வைக்கும் பல் மருத்துவரும் மனத்தில் நிறுத்த வேண்டிய உடலியல் இதுவே. அவர் வேலை செய்வது தரையில். ஆனால் தரையில் செய்த வேலையின் வீக்கமும் ரத்தமும் வடிந்து தீர வேண்டிய வழி அறையின் உச்சியில் இருக்கிறது.

உட்சவ்வுக்கு ஷ்னைடர் சவ்வு என்று பெயர். ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் பேராசிரியராக இருந்த கான்ராட் விக்டர் ஷ்னைடர், மூக்குச் சளி மூளையிலிருந்து இறங்குகிறது என்ற பழைய நம்பிக்கையை 1660களில் உடைத்தவர்; சளி சவ்விலேயே ஊறுகிறது என்று நிறுவினார். ஹைமோரிடம் வந்த பெண்மணியின் பயத்துக்கு முழு விடை அப்போதுதான் கிடைத்தது என்று சொல்லலாம். நலமாக இருக்கும்போது இந்தச் சவ்வு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். பலரிடம் அதற்கும் குறைவு. சைனஸ் அறுவை கற்கும் பல் மருத்துவர்கள் பச்சை முட்டையில் பயிற்சி எடுப்பது இதனால்தான். ஓட்டை மட்டும் டிரில்லால் தேய்த்து எடுத்து, உள்ளிருக்கும் மெல்லிய தோல் கிழியாமல் அதை ஓட்டிலிருந்து பிரிக்கப் பழகுவார்கள்.

பற்கள் இருக்கும்வரை வேர்களுக்கும் சைனஸுக்கும் ஓர் ஒப்பந்தம் நிலவுகிறது. இரண்டாம் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்க முன்வேர்தான் சைனஸின் தரைக்கு மிக அருகில் இருப்பது. 1992இல் வெளியான ஒரு சிடி ஆய்வில் சராசரி இடைவெளி 0.83 மில்லிமீட்டர். சிலரில் வேர் நுனி தரையைத் துருத்திக்கொண்டு உள்ளேயே நிற்கும். மேலே சவ்வு மட்டும் போர்த்தியிருக்கும். பல் போன பிறகு இருபுறமும் இழப்பு. மெல்லும் விசை கிடைக்காத தாடை எலும்பு கீழிருந்து தேய்கிறது. சைனஸ் மேலிருந்து இறங்கி விரிகிறது. பல் பிடுங்கிப் பல ஆண்டுகள் அப்படியே விட்டவர்களுக்கு, 10 மில்லிமீட்டர் இம்பிளாண்ட் நிற்க வேண்டிய இடத்தில் நாலைந்து மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சுவது சாதாரணம்.

இதற்காகப் பிறந்ததுதான் சைனஸ் லிப்ட் என்னும் அறுவை. ஹில்ட் டேட்டம் 1976இல் அமெரிக்காவின் அலபாமாவில் நடந்த ஒரு கூட்டத்தில் இதை எடுத்துரைத்தார். முதலில் அச்சில் வந்தது பாயினும் ஜேம்ஸும் 1980இல் எழுதிய கட்டுரை. கன்னப்பக்கச் சுவரில் சிறிய ஜன்னல் ஒன்றைத் திறந்து, சவ்வைக் கிழிக்காமல் தரையிலிருந்து பிரித்து உயர்த்தி, கீழே உண்டாகும் இடத்தில் எலும்புத் தூளை நிரப்புவார்கள். எலும்பு ஓரளவு மிச்சமிருந்தால் ஜன்னல் வேண்டாம். இம்பிளாண்டுக்கான குழியின் வழியாகவே சவ்வைக் கொஞ்சம் உயர்த்தலாம். இந்த எளிய முறையைச் சம்மர்ஸ் 1994இல் விவரித்தார். எந்த வழி என்று முடிவெடுக்கத்தான் எலும்பின் உயரம் வேண்டியிருக்கிறது: 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பொதுவாக ஜன்னல் வழி, அதற்கு மேல் குழி வழி.

இவ்வளவையும் ஒரு தட்டைப் படத்தை வைத்துக்கொண்டு செய்துவந்த காலம் ஒன்று இருந்தது. ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். இரண்டே மாதத்தில், ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்கோஃப் 25 நிமிடம் அசையாமல் இருந்து தன் பற்களையே படமெடுத்துக்கொண்டார். ஃபின்லாந்தின் யுர்யோ பாட்டெரோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கிய முறையிலிருந்து, ஒரே சுற்றில் இரு தாடைகளையும் காட்டும் ஓபிஜி படம் வந்தது. மலிவானது, கதிர்வீச்சு குறைவு, முதல் பார்வைக்கு நல்லது. ஆனால் வளைந்த தாடையை விரித்துத் தட்டையாக்கும்போது அது 20, 30 சதவீதம் பெரிதாக்கிக் காட்டுகிறது. பெரிதாக்கமும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை. அண்ணத்து எலும்பின் கோடும் கன்ன எலும்பின் நிழலும் சைனஸின் மேலேயே வந்து விழுகின்றன. சைனஸின் முன்னோ பின்னோ செல்லும் வேர் அதற்குள் நுழைந்துவிட்டது போலத் தெரியும். எலும்பின் அகலத்தைச் சொல்லவே சொல்லாது.

சிபிசிடி இந்தக் குறையைத் தீர்த்த கதையில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. மருத்துவமனைச் சிடி ஸ்கேன் விசிறி வடிவக் கதிரால் உடலை வெட்டு வெட்டாகப் படிக்கிறது. கூம்பு வடிவக் கதிரை ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு முழுக் கனவடிவத்தையும் கணக்கிட்டு எடுப்பது எப்படி? நடைமுறைக்கு உதவும் சூத்திரத்தை 1984இல் எழுதிய ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவை இரண்டு குழுக்கள்: இத்தாலியின் வெரோனாவில் மொத்ஸோ குழு 1998இலும், ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகத்தில் யோஷினோரி அராய் குழு 1999இலும் தங்கள் கருவிகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டன. கருவி முகத்தைச் சுற்ற 10 முதல் 40 நொடி. சில நூறு படங்கள். கணினி அவற்றை நுண்கனசதுரங்களாக மாற்றுகிறது. ஒவ்வொன்றின் பக்கமும் 0.1 மில்லிமீட்டருக்குக் கீழிருந்து 0.4 வரை. மூன்று திசையிலும் ஒரே அளவு என்பதால் எந்தக் கோணத்தில் வெட்டினாலும் அளவு பிசகாது.

எடுக்கும் நேரம் எளியதாகத் தெரிந்தாலும் கவனம் தேவை. தோடு, மூக்குத்தி, கழற்றும் பல்செட் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். உலோகம் இருந்தால் படத்தில் வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்து பக்கத்திலுள்ள எலும்பை மறைக்கும். சிறுவயதில் போட்டு ஆண்டுக்கணக்கில் கழற்றாத மூக்குத்தியோடு வரும் பாட்டிமார்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும். மூக்குத்தி இருப்பது நாம் பார்க்க வேண்டிய சைனஸுக்கு நேர் முன்னால். சுற்றும்போது எச்சில் விழுங்கினாலும் தலை அசைந்தாலும் எலும்பின் ஓரம் இரட்டைக் கோடாகும்.

இனி ஒரு ஸ்கேனைத் திறந்து பார்ப்போம். மேல் இடது முதல் கடைவாய்ப்பல்லைப் பல ஆண்டுக்கு முன் இழந்தவர் ஒருவருடையது என்று வைத்துக்கொள்வோம். திரையில் மூன்று சட்டங்கள்: மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து. பல் போன இடத்துக்கு நேராகப் போய் அளவுகோலை வைக்கக் கை துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, முன்னிருந்து பார்க்கும் வெட்டுகளில் மூக்கின் நுனியிலிருந்து பின்னோக்கி மெல்ல நகர்வது நல்லது. மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறதா, எந்தப் பக்கம்? நடு மடலுக்குள் காற்று புகுந்து உப்பியிருக்கிறதா? இன்னும் சில வெட்டுகள் பின்னால் போனால் பக்கச் சுவரிலிருந்து கொக்கிபோல் எழும் மெல்லிய எலும்பு ஒன்று தெரியும். அதற்கும் மேலே உள்ள சல்லடை எலும்பின் காற்றறைக்கும் நடுவில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கறுப்பு காற்று. சைனஸின் உச்சியிலிருந்து மூக்குவரை அது அறுபடாமல் ஓடினால் வடிகால் திறந்திருக்கிறது என்று கொள்ளலாம். நடுவில் சாம்பல் நிறமாகி மறைந்தால் நின்று யோசிக்க வேண்டும். கண்குழியின் தளத்துக்குக் கீழே கூடுதலாக ஒரு சிறு காற்றறை சிலரில் இருக்கும். ஆல்பிரெக்ட் ஃபொன் ஹாலர் பெயரால் அழைக்கப்படும் அது இந்த வழியைத்தான் நெருக்குகிறது.

அடுத்துச் சவ்வு. நலமான சவ்வு ஸ்கேனில் கண்ணுக்கே தெரியாது. எலும்புக்கு அடுத்துக் கறுப்புக் காற்றுதான். 2 மில்லிமீட்டருக்கு மேல் சாம்பல் பட்டையாகத் தெரிந்தால் தடித்திருக்கிறது என்பது பல ஆய்வாளர்கள் வைத்திருக்கும் எல்லை. இதைக் கண்டு மிரளவும் கூடாது. ஜெர்மனியில் 1,029 பேரின் சிபிசிடி படங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 56.3 சதவீதத்தினரிடம் மேல்தாடை சைனஸில் ஏதோ ஒரு மாற்றம் தென்பட்டது. அதிகம் இருந்தது சவ்வுத் தடிப்பு. பாதிக்கு மேற்பட்டோரிடம் இருப்பதையெல்லாம் நோய் என்று சொல்லி அறுவையைத் தள்ளிப்போட முடியாது. எப்படித் தடித்திருக்கிறது என்பதே கேள்வி. தரையில் மட்டும் சமதளமாகச் சில மில்லிமீட்டர் என்றால் ஒருவகை. குவிமாடம்போல் வழவழவென்று ஒன்று மட்டும் எழுந்து நின்றால் அது பெரும்பாலும் தீங்கற்ற நீர்க்கோப்பு. சுற்றிலும் தடித்துத் திறப்புவரை ஏறிவிட்டால் வேறு கணக்கு. அந்த நிலையில் தரைச் சவ்வை மேலும் சில மில்லிமீட்டர் உயர்த்தி, அறுவையின் வீக்கத்தையும் கூட்டினால், அரைகுறையாகத் திறந்திருந்த வழி அடைபடும். தேங்கிய சளியில் கிருமி வளர்ந்தால் நிரப்பிய எலும்புத் தூள் முழுவதும் சீழில் ஊறிவிடும்.

சாம்பல் பட்டையைக் கண்டதும் நான் கேட்கச் சொல்லும் இன்னொரு கேள்வி: அதன் அடியில் எந்தப் பல்? வேர்ச் சிகிச்சை செய்த பல்லின் நுனியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் ஒன்றும், அதற்கு நேர் மேலே மட்டும் சவ்வு தடித்தும் இருந்தால் குற்றவாளி பல்தான். மேல்தாடை சைனஸ் அழற்சியில் பத்தில் ஒன்று பல்லால் வருவது என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. முப்பரிமாணப் படங்களை வைத்துச் செய்த அண்மை ஆய்வுகள் சில 40 சதவீதம்வரை சொல்கின்றன; ஒரு பக்கம் மட்டும் வரும் அழற்சியில் பல்லின் பங்கு இன்னும் அதிகம். தட்டைப் படத்தில் வேர் நுனிப் புண் எளிதில் ஒளிந்துகொள்ளும் என்பது இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். ஒரு பக்க மூக்கில் கெட்ட வாடை, கன்னத்தில் பாரம், மாதக்கணக்கில் மாத்திரை, மறுபடி மறுபடி அதே தொல்லை என்று அலைகிறவர்களின் பற்களை யாரும் பார்க்காமலே விட்டுவிடுவது உண்மையிலேயே வருத்தமான விஷயம். சைனஸுக்குள் கல் போன்ற வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சைக் கட்டியையும் நினைக்க வேண்டும். வேர் நுனியைத் தாண்டி உள்ளே போன துத்தநாகம் கலந்த நிரப்புப்பொருள் அதற்கு இடம் தருவதாகக் கருதப்படுகிறது.

இப்போது தரைக்கு வருவோம். தரை எல்லாரிடமும் வழவழப்பாக இருப்பதில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஆர்தர் அண்டர்வுட் 1910இல் 45 மண்டையோடுகளின் 90 சைனஸ்களைத் திறந்து பார்த்து, 30 எலும்புத் தடுப்புகளைக் கண்டார். தரையிலிருந்து சுவர்போல் எழும் மெல்லிய எலும்புகள் அவை. பற்கள் ஒரே காலத்தில் முளைக்காமல் கட்டம் கட்டமாக முளைப்பதோடு அவர் இதைத் தொடர்புபடுத்தினார். அன்று இம்பிளாண்டும் இல்லை, சைனஸ் லிப்டும் இல்லை. மண்டையோட்டைக் கூர்ந்து பார்க்கும் ஆர்வம் மட்டுமே அவரை அங்கே கொண்டுசென்றது. அந்தக் கட்டுரை எழுபது ஆண்டு கழித்து அறுவை மருத்துவர்களுக்கு அன்றாடத் தேவையானது. 8,923 சைனஸ்களின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஆய்வு 28.4 சதவீதத்தில் தடுப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. அண்டர்வுட்டின் விகிதத்துக்கு மிகத் தொலைவில் இல்லை. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கடைவாய்ப்பற்கள் இருக்கும் பகுதியில், அதாவது ஜன்னல் திறக்கும் இடத்திலேயே. சராசரி உயரம் 7.5 மில்லிமீட்டர். ஓபிஜியை மட்டும் நம்பினால் பத்தில் மூன்று தடவை தடுப்பைத் தவறாகக் கணிக்க நேரும் என்பதும் அதே தொகுப்பில் தெரிந்தது.

தடுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? சவ்வு தடுப்பின் இரு பக்கச் சரிவிலும் ஏறி, உச்சியில் மடிந்து இறங்குகிறது. ஒரு பக்கத்திலிருந்து சவ்வைப் பிரித்துக்கொண்டுவரும் கருவி அந்த மடிப்பை எட்டும் இடத்தில்தான் கிழிசல் நேர்கிறது. சைனஸ் லிப்டில் சவ்வு கிழிவதே மிக அதிகம் நேரும் சிக்கல்; 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் சராசரி 19.5 சதவீதம், சில ஆய்வுகளில் 58 வரை. முன்பே தெரிந்திருந்தால் தடுப்பின் இரு பக்கமும் இரண்டு ஜன்னல் திறக்கலாம், அல்லது ஜன்னலை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தலாம். இதைக் காண மேலிருந்து பார்க்கும் வெட்டுகளே நல்லவை. அறையின் அகலத்தையும் அங்கேயே பார்த்துவிடலாம்: கன்னச் சுவரும் மூக்குச் சுவரும் கூர்ங்கோணத்தில் சந்திக்கும் ஒடுங்கிய சைனஸில் கருவிக்கு இடம் போதாது, கிழிசல் கூடும். இதே சட்டத்தில் கன்னச் சுவரின் தடிமனும் தெரியும். ஒரு மில்லிமீட்டர் சுவரும் மூன்று மில்லிமீட்டர் சுவரும் டிரிலுக்கு ஒன்றல்ல.

அந்தச் சுவருக்குள் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. மேல்தாடைப் பின்மேல் தமனியும் கண்குழிக்குக் கீழிருந்து வரும் தமனியும் கன்னச் சுவருக்குள் இணைந்து ஒரு வளையம் அமைக்கின்றன. உடற்கூற்று ஆய்வுகளில் இந்த இணைப்பு கிட்டத்தட்ட எல்லாரிடமும் காணப்பட்டது. சிடி படங்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேரிடம்தான் தெரிகிறது. மெல்லிய குழாய் எலும்பில் பதித்த தடம் படத்தில் பதிவதில்லை. ஆகவே ஸ்கேனில் காணவில்லை என்றால் தமனியே இல்லை என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. தெரியும்போது முன்னிருந்து பார்க்கும் வெட்டில், சுவரின் நடுவிலோ உட்புறத்திலோ சிறு கறுப்பு வட்டமாக இருக்கும். தாடை விளிம்பிலிருந்து சராசரியாக 16 முதல் 19 மில்லிமீட்டர் மேலே. எலும்பு தேய்ந்த தாடையில் இந்த இடைவெளி குறைந்து, ஜன்னலின் மேல் விளிம்பு சரியாகத் தமனியின் மேல் விழக்கூடும். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு அரிது. ஆனால் ஒடுங்கிய ஜன்னலுக்குள் ரத்தம் பெருகி எதுவுமே தெரியாத நேரத்தில் சவ்வைப் பிரிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதற்குச் சமம். விட்டம் 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் ஜன்னலைத் தாழ்த்தித் திட்டமிடுவதே நல்லது.

இவ்வளவுக்கும் பிறகுதான் அளவுகோல். தாடை வளைவுக்குச் செங்குத்தாக ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கு வெட்டுகள், ஒவ்வொன்றிலும் உயரமும் அகலமும். இந்த வேலை பத்து நிமிடம். மேலே சொன்ன வாசிப்புக்கு இன்னும் பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். அதை ஒதுக்க முடியாத மருத்துவமனை இந்த அறுவையை ஏற்காமலிருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

சிபிசிடியின் எல்லைகளையும் அறிந்தே படிக்க வேண்டும். எலும்பையும் காற்றையும் இது அழகாகப் பிரித்துக் காட்டும். மென்திசுவில் பார்வை மங்கல். சாம்பல் நிறம் சீழா, வீங்கிய சவ்வா, கட்டியா என்று பிரித்துச் சொல்லாது. இதன் சாம்பல் அளவுகள் மருத்துவமனைச் சிடியின் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்களைப் போல நம்பகமானவை அல்ல. அவற்றை வைத்து எலும்பின் அடர்த்தியை எண்ணாகச் சொல்லும் அறிக்கைகளை அப்படியே ஏற்கக் கூடாது. சுவர் எலும்பு அரிக்கப்பட்டிருந்தால், ஒரு பக்க சைனஸ் முழுவதும் நிறைந்திருந்தால், சிபிசிடியோடு நிற்காமல் எண்டோஸ்கோப்பி, மருத்துவமனைச் சிடி, எம்ஆர்ஐ என்று போக வேண்டும். அங்கே தாமதம் புற்றுநோயைத் தவறவிடும் தாமதமாகவும் ஆகலாம்.

கதிர்வீச்சு பற்றிய பயத்துக்குக் கணக்கோடு விடை சொல்லலாம். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, வளர்ந்தவர்களுக்குச் சராசரியாகச் சிறு பரப்பு ஸ்கேனுக்கு 84 மைக்ரோசீவெர்ட், நடுத்தரப் பரப்புக்கு 177, பெரிய பரப்புக்கு 212. கருவிக்குக் கருவி இது பெரிதும் மாறும். இயற்கையிலிருந்து மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவெர்ட் கிடைக்கிறது. மோனசைட் மணல் நிறைந்த மணவாளக்குறிச்சிக் கரையில் அதைவிட அதிகம். ஆக நடுத்தரப் பரப்பு ஸ்கேன் ஒன்று ஏறத்தாழ ஒரு மாத இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். தேவைக்கு எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. தேவையில்லாமல் ஒருமுறைகூட எடுக்கக் கூடாது, குழந்தைகளுக்கு நிச்சயமாகக் கூடாது. அமெரிக்க வாய்-தாடை-முகக் கதிரியல் கழகமும் 2012இல் இதைத்தான் சொன்னது: முதல் பரிசோதனைக்கு ஓபிஜி, இம்பிளாண்டுக்கான குறுக்கு வெட்டுக்குச் சிபிசிடி.

கதிர்வீச்சைக் குறைக்கும் நல்ல நோக்கமே இங்கே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. பரப்பைச் சுருக்கினால் கதிர்வீச்சு குறையும். ஆனால் ஒரு பல்லைச் சுற்றி 5 சென்டிமீட்டர் உருளையாக எடுத்த படத்தில் சைனஸின் கீழ்ப்பாதியோடு படம் முடிந்துவிடும். தரை தெரியும், தடுப்பு தெரியும். திறப்பு தெரியாது. குழி வழியாக இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தும் சிறு வேலைக்கு அது போதும், நோயாளிக்கு மூக்குத் தொல்லை ஏதும் இல்லாத பட்சத்தில். ஜன்னல் வழி அறுவைக்குப் போதாது. அனுப்பும் பல் மருத்துவர் சீட்டில் "மேல் இடது 6ஆம் பல், இம்பிளாண்ட்" என்று மட்டும் எழுதினால், ஸ்கேன் எடுப்பவர் சிறு பரப்பைத்தான் வைப்பார், அவர்மேல் தவறில்லை. "சைனஸ் லிப்ட் திட்டம், திறப்புவரை வேண்டும்" என்று எழுதினால் ஒரே ஸ்கேனில் காரியம் முடியும்.

எடுத்த படத்தை யார் படிப்பது என்பது அடுத்தது. ஐரோப்பியப் பல்-தாடை-முகக் கதிரியல் கழகம் 2009இல் வகுத்த அடிப்படை நெறிகளில், கேட்ட பல்லை மட்டும் பார்க்காமல் பதிவான பரப்பு முழுவதையும் மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும் என்பதும் ஒன்று. பல்லையும் தாடையையும் தாண்டிய பகுதி படத்தில் இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற கதிரியல் நிபுணர் படிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நம் ஊரில் கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும்; கருவியின் பாதுகாப்பில் அந்தக் கண்டிப்பு இருக்கிறது. படிப்பதிலும் அதே கண்டிப்பு வந்தால், பல்லுக்கென்று எடுத்த படத்திலேயே எத்தனையோ பேரின் நாள்பட்ட மூக்குத் தொல்லைக்குக் காரணம் தெரிந்துவிடும். திறப்பு அடைபட்டதாகத் தெரிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் பார்க்கட்டும். மருந்திலோ எண்டோஸ்கோப்பி அறுவையிலோ வழி திறந்து, சவ்வு தணிந்த பிறகு, இம்பிளாண்ட் வேலை சில மாதம் தள்ளித் தொடங்கலாம். காரணம் ஒரு கெட்டுப்போன பல் என்றால் அதைச் சரிசெய்யாமல் மூக்கில் செய்யும் சிகிச்சை நிலைக்காது.

நோயாளியின் கையில் ஸ்கேன் மையம் தருவது பெரும்பாலும் ஒரு பெரிய படத்தாள். மையத்தில் இருப்பவர் தேர்ந்தெடுத்த இருபது முப்பது வெட்டுகள் அதில் இருக்கும், எலும்பின் உயரம் குறித்த எண்களோடு. இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்க அந்தத் தாளை மட்டும் கொண்டுபோனால், அவர் பார்க்க விரும்பும் திறப்பும் தமனியும் அதில் இல்லாமல் போகலாம். மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிடுவார். பணமும் கதிர்வீச்சும் இரண்டு மடங்கு. முழுப் பதிவும் டைகாம் என்ற கோப்பாக மையத்தின் கணினியில் இருக்கிறது. கேட்டால் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ போட்டுத் தருவார்கள். பல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் இருவரின் கணினியிலும் அதே கோப்பைத் திறந்து பார்க்கலாம்.